காலடியில் கிடக்கும் கறுப்பு மணல்

ஒரு நாள் காலையில் எங்கள் படலையில் காணித் தரகர் ஒருவர் வந்து நின்றார். "அக்கா, அந்தப் பனங்காணி சும்மாதானே கிடக்குது. நல்ல விலை எடுத்துத் தாறன்" என்றார். மன்னார்த் தீவில் பனங்காணிக்கு அப்படியொரு விலையை நான் கேட்டதேயில்லை. விலை பனைக்கல்ல, அதன் கீழுள்ள மணலுக்கு என்பது பிறகுதான் எனக்கு விளங்கியது.

கடற்கரையில் அலை ஒதுங்கிய இடத்தில் கறுப்புக் கோடுகளாகக் கிடக்கும் மணலை நீங்களும் பார்த்திருப்பீர்கள். அதில் பெரும்பங்கு இல்மனைற். அதனுடன் உரூத்தைல், சேர்க்கன் என்ற கனியங்களும் கலந்திருக்கும். இல்மனைற்றிலிருந்து எடுக்கும் வெள்ளைத் தூள்தான் சுவர்ப் பூச்சுக்கும் பிளாஸ்ரிக்குக்கும் வெண்மை கொடுக்கிறது. சேர்க்கன் குளியலறை மாபிளின் மினுமினுப்புக்குப் போகிறது. ரைற்றானியம் என்ற உலோகம் ஆகாய விமானத்துக்கும், உடைந்த எலும்பைப் பொருத்தும் தகட்டுக்கும் பயன்படுகிறது. ஷெல் பட்ட என் தங்கையின் தொடையில் இருப்பதும் அந்தத் தகடுதான் என்று வைத்தியர் சொன்னார். அதனால் இந்த மணலே வேண்டாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

உலகமும் இதைத் தேடுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 இல் ஒரு சட்டம் கொண்டுவந்தது. தனக்கு மிக முக்கியமான மூலப்பொருட்களில் 10 வீதத்தையாவது 2030 அளவில் தன் நிலத்திலேயே தோண்டி எடுக்க வேண்டும் என்பது அதில் ஓர் இலக்கு. அந்தப் பட்டியலில் ரைற்றானியமும் உண்டு. எல்லாவற்றுக்கும் ஒரே நாட்டை நம்பியிருந்தால், அந்த நாடு கையை மூடும்போது தொழிற்சாலையும் மூட வேண்டிவரும் என்ற பயம் அவர்களுக்கு. எங்களிடம் அந்தப் பொருள் காலடியிலேயே இருக்கிறது.

அது ஊருக்கு என்ன தரும் என்று அறிய நான் புல்மோட்டைக்குப் போனேன். கனிய மணல் கூட்டுத்தாபனம் 1957 இல் தொடங்கப்பட்டது. இன்று அது லங்கா கனிய மணல் நிறுவனம். எனக்குப் பழக்கமான ராத்தா ஒருவரின் கணவர் அங்கு வேலை செய்து ஓய்வு பெற்றவர். "மாசச் சம்பளம் வந்தபடியாத்தான் புள்ளைகள் படிச்சாங்க" என்றார் ராத்தா. கடலுக்குப் போக முடியாத காலத்திலும் அடுப்பெரிந்த வீடு அது. 1997 செப்ரெம்பரில் மணல் ஏற்றிக்கொண்டிருந்த கப்பல் தாக்கப்பட்டதையும், அதன்பின் வேலை படுத்துவிட்டதையும் அவர் சொன்னார். மாதச் சம்பளத்தின் அருமை விதவைகளான எங்களுக்குத் தெரியாததல்ல.

ஆனால் அந்த மணல் பெரும்பாலும் பிரித்தெடுத்த மணலாகவே கப்பலேறுகிறது. வெள்ளைத் தூளாக்கினால் பல மடங்கு விலை வரும். அதற்குப் பெருந்தொகை மின்சாரமும் அமிலமும் தேவை. அந்த அமிலக் கழிவை எந்த ஊரில் கொட்டுவது? இங்கேயே தொழிற்சாலை வேண்டும் என்று மேடையில் முழங்குபவர்கள் இதையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

புல்மோட்டையில் இன்னொன்றும் அறிந்தேன். அங்கே எடுப்பது கரை மணல். வாடைக்காலத்துக் கடல் ஆண்டுதோறும் புதிதாகக் கறுப்பு மணலைக் கொண்டுவந்து போடுகிறது. எடுத்த இடம் ஓரளவு நிரம்பும். மன்னாரில் துளையிட்டுப் பார்த்ததோ தீவின் உட்புறத்தையும் சேர்த்து. பனங்காணிக்குள் கடல் வந்து மணல் போடாது. கனியத்தைப் பிரித்த பின் மிச்ச மணலைத் திரும்பக் கொட்டி மட்டப்படுத்துவோம் என்கிறார்கள். மேல்மண்ணைத் திருப்பிப் போடலாம். தண்ணீரை எப்படித் திருப்பிப் போடுவது?

எங்கள் தீவில் ஆறும் இல்லை, மலையும் இல்லை. கடல்மட்டத்திலிருந்து சில மீற்றர்தான் உயரம். பெய்யும் மழை மணலுக்குள் இறங்கி, உப்புத் தண்ணீருக்கு மேலே மெல்லிய நன்னீர்ப் படையாக மிதக்கிறது. எங்கள் கிணற்றில் கோடையில் கொஞ்சம் கூட இறைத்தால் தேத்தண்ணீர் உப்புக் கரிக்கும். ஒரு வாளிக்கும் ஒரு மோட்டருக்கும் தாங்காத அந்தப் படையை இயந்திரம் கிளறினால் குடத்தைத் தூக்கிக்கொண்டு பவுசருக்குப் பின்னால் ஓடப்போவது யார்? 2025 ஓகஸ்டில் மன்னாரில் காற்றாலைக்கும் மணல் அகழ்வுக்கும் எதிராக மக்கள் நாட்கணக்காக வீதியில் இருந்தபோது பெண்கள் திரண்டு வந்ததில் எனக்கு ஆச்சரியமில்லை.

கேட்டு என்ன பயன் என்று நினைப்பவர்களுக்கு எப்பாவலைக் கதையைச் சொல்ல வேண்டும். அனுராதபுர மாவட்டத்தில் உள்ள அந்த ஊரின் பொஸ்பேற் படிவை ஓர் அமெரிக்கக் கம்பனியுடன் சேர்ந்து தோண்டுவதற்குத் திட்டம் போட்டார்கள். ஊரவர் சிலர் உயர் நீதிமன்றம் போனார்கள். முறையான ஆய்வும் சுற்றாடல் அனுமதியும் இல்லாமல் ஒப்பந்தம் செய்யக்கூடாது என்று 2000 யூனில் தீர்ப்பாயிற்று. அவர்களும் எங்களைப் போல வயலும் வளவும் வைத்திருந்தவர்கள்தான்.

நிலத்துக்குக் கீழே உள்ள கனியம் அரசுக்குரியது என்பது 1992 ஆம் ஆண்டின் 33 ஆம் இலக்கச் சட்டம். மேலுள்ள காணி எங்களுடையது. அதைக் காட்ட உறுதி வேண்டுமே! 1990 இல் படகேறியபோது நான் தூக்கியது பிள்ளையை. உறுதி பெட்டியோடு போய்விட்டது. கணவரின் பெயரில் இருந்த காணி இன்னும் என் பெயருக்கு மாறவில்லை. எங்கள் ஒழுங்கையில் மட்டும் இப்படி நான்கு வீடுகள். தரகர் எங்களைத் தேடி வருவது ஏன் என்று யோசித்துப் பாருங்கள்.

அவருக்கு நான் விலை சொல்லவில்லை. காணிப் பதிவகத்தில் உறுதியின் பிரதிக்கு விண்ணப்பித்தேன். பெரிய அளவிலான அகழ்வுக்குச் சுற்றாடல் தாக்க அறிக்கை வேண்டும். அதை வெளியிட்டால் கருத்துச் சொல்ல எங்களுக்கு 30 நாட்கள் உண்டு என்று பிரதேச செயலகத்தில் ஒரு பிள்ளை விளக்கினாள். 2016 ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ், எங்கள் கிராம அலுவலர் பிரிவில் எந்தெந்தக் காணிகளுக்கு அனுமதிப்பத்திரம் கொடுக்கப்பட்டிருக்கிறது என்று தமிழிலேயே எழுதிக் கேட்டிருக்கிறேன். 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேண்டுமாம். ஒப்பமிட்டுத் தந்த துண்டைத் தகரப் பேணிக்குள் போட்டு, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.