பெயர்ப் பலகை எழுதக் கொடுக்கும் முன்

வீட்டிலேயே இட்லிப் பொடியும் ஊறுகாயும் போட்டு விற்கத் தொடங்கும் ஒருவர் உத்யம் பதிவு செய்கிறார், உணவுப் பாதுகாப்புத் துறையில் பதிவு எண் வாங்குகிறார், ஜிஎஸ்டியும் எடுத்துவிடுகிறார். எல்லாத் தாளிலும் தன் தொழிலின் பெயர் இருப்பதைப் பார்த்ததும் அது தனக்கே சொந்தம் என்று நம்பிவிடுகிறார். இவற்றில் ஒன்றுகூட அந்த உரிமையைத் தராது. பிரைவேட் லிமிடெட் கம்பெனியாகப் பதிந்தாலும் அப்படித்தான். பெயரைக் காப்பது 1999-ஆம் ஆண்டின் வணிகச் சின்னங்கள் சட்டம். அந்தச் சட்டத்தின்கீழ் செய்யும் பதிவைத்தான் நாம் டிரேட்மார்க் பதிவு என்கிறோம்.

ஆனால் அந்தப் பதிவு நிற்குமா நிற்காதா என்பது பெயரைத் தேர்ந்தெடுக்கும்போதே பெரும்பாலும் முடிவாகிவிடுகிறது. 'சுத்தமான', 'பாரம்பரிய', 'நாட்டு' என்று பொருளைச் சொல்லும்படி வையுங்கள் என்பார்கள் வேண்டியவர்கள். வாங்குபவருக்குச் சட்டென்று புரியும்தான். ஆனால் பொருளை வர்ணிக்கும் சொல் எல்லா வியாபாரிகளுக்கும் வேண்டியது. அதை ஒருவருக்கு மட்டும் எழுதிக்கொடுக்கச் சட்டம் எளிதில் இடம் தராது. யிப்பி நூடுல்ஸில் 'மேஜிக் மசாலா' என்று போட்டிருந்த ஐடிசி, மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட்ட நெஸ்லேமீது 2013-இல் சென்னை உயர் நீதிமன்றத்தில் வழக்குத் தொடர்ந்தது. அவை பொருளைப் புகழும் சொற்கள், யாரும் தனியுரிமை கொண்டாட முடியாது என்று 2020-இல் தீர்ப்பானது.

பொருளுக்குச் சம்பந்தமே இல்லாத சொல்லோ, புதிதாகப் புனைந்த சொல்லோதான் வலுவான பெயர். ஊறுகாய்க்குப் பறவையின் பெயர் வைத்தால் கொஞ்ச நாள் விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கும். பிறகு அது உங்களை மட்டுமே குறிக்கும். ஊர்ப் பெயர் சேர்ப்பதிலும் கவனம் தேவை. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா, கோவில்பட்டி கடலை மிட்டாய் இரண்டும் புவிசார் குறியீடு பெற்றவை. வேறெங்கோ செய்ததை அந்தப் பெயரில் விற்றால் வழக்கு வரும்.

பலகை எழுதவும் பாக்கெட் அச்சடிக்கவும் கொடுக்கும் முன், டிரேட்மார்க் பதிவேட்டின் இணையதளத்தில் தேடிவிடுங்கள், கட்டணமில்லை. அங்கே பொருள்களும் சேவைகளும் வகுப்புகளாகப் பிரிக்கப்பட்டிருக்கும்: ஊறுகாய் 29-ஆம் வகுப்பு, மசாலாப் பொடி 30, உணவகம் 43. ஓர் எழுத்தை மாற்றித் தப்பித்துவிடலாம் என்று எண்ண வேண்டாம், காதில் விழும் ஓசையையும் பார்ப்பார்கள். 'அமிர்ததாரா', 'லக்ஷ்மண்தாரா' என்ற மருந்துப் பெயர்கள் பற்றிய வழக்கில், சாதாரணமாக வாங்குபவர் அரைகுறை ஞாபகத்தோடுதான் கடைக்கு வருவார், அவர் குழம்பிவிடுவார் என்று 1962-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

பலர் கோட்டைவிடும் இடம் லோகோ. வெளியாள் ஒருவரிடம் காசு கொடுத்து வரைந்து வாங்கினால், எழுத்துப்பூர்வ ஒப்பந்தம் இல்லாதவரை அதன் பதிப்புரிமை பொதுவாக வரைந்தவரிடமே இருக்கும். வாட்ஸ்அப்பில் 'ஓகே' சொன்னதும் ஜிபே ரசீதும் போதாது. உரிமையை மாற்றித் தருவதாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். கால அளவையும் குறிப்பிடுங்கள். குறிப்பிடாவிட்டால் ஐந்தாண்டுக்கு மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும்.

தனிநபருக்கும் சிறு நிறுவனத்துக்கும் டிரேட்மார்க்கின் ஆன்லைன் விண்ணப்பக் கட்டணம் ஒரு வகுப்புக்கு 4,500 ரூபாய். பதிவு 10 ஆண்டு செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பெயருக்குப் பக்கத்தில் 'டிஎம்' என்று யாரும் போடலாம். வட்டத்துக்குள் 'ஆர்' போடுவது பதிவான பின்புதான், முன்பே போட்டால் சட்டமீறல். விண்ணப்பம் டிரேட்மார்க் பதிவேட்டின் இதழில் வெளியானதும் நான்கு மாதத்துக்குள் யாரும் எதிர்க்கலாம். அந்த எதிர்ப்பு உங்கள் கைக்கு வந்த இரண்டு மாதத்துக்குள் பதில் தாக்கல் செய்யாவிட்டால் விண்ணப்பத்தைக் கைவிட்டதாகவே கொள்வார்கள். ஆகவே மின்னஞ்சலைத் தினமும் பாருங்கள்.

பதிவான பெயரை ஒருவர் காப்பியடித்தால், நீங்கள் தொழில் செய்யும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே வழக்குத் தொடரலாம். அவர் ஊருக்கு அலைய வேண்டியதில்லை. மாறாக, உங்களுக்கே ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தால் பயந்து பலகையைக் கழற்ற வேண்டாம். அவர்களுடைய பதிவுக்கும் பயன்பாட்டுக்கும் முன்பிருந்தே நீங்கள் அந்தப் பெயரைத் தொடர்ந்து பயன்படுத்தி வந்திருந்தால், வணிகச் சின்னங்கள் சட்டத்தின் 34-ஆம் பிரிவு உங்கள் பக்கம். அதற்குச் சாட்சி முதல் பில், முதல் லேபிள், அச்சகத்து ரசீது. தேதி தெரியும்படி அவற்றை ஒரு ஃபைலில் போட்டு வைத்து, நோட்டீஸோடு வக்கீலிடம் எடுத்துச் செல்லுங்கள்.