மாவட்டம் மூன்றாச்சு, ஊராட்சி என்னாச்சு? – சந்தேகங்களும் விளக்கங்களும்

தென்காசி தனி மாவட்டமாகி ஆண்டுகள் சில ஓடிவிட்டன. ஆனாலும் எந்த வேலைக்கு எந்த ஆபீஸ், யாருக்கு மேல் யார், மாவட்டம் மாறினால் பத்திரமும் மாற வேண்டுமா என்ற கேள்விகள் தாலுகா ஆபீஸ் வாசலில் இன்னும் ஓயவில்லை. தாமிரபரணிக் கரையில் அடிக்கடி கேட்கப்படும் சந்தேகங்கள் சிலவற்றுக்கு இங்கே விளக்கம்.

மாவட்டத்தைப் பிரிக்க நாடாளுமன்றத்தில் சட்டம் வர வேண்டாமா?

வேண்டாம். மாநில எல்லையை மாற்றுவதற்குத்தான் நாடாளுமன்றச் சட்டம் வேண்டும். அரசியல் சட்டத்தின் 3-ஆவது பிரிவு அதைச் சொல்கிறது. மாவட்டம், கோட்டம், தாலுகா ஆகியவற்றின் எல்லையை மாநில அரசே அரசாணை மூலம் மாற்றலாம். இந்த இரண்டு வகை மாற்றத்தையும் பார்த்த ஊர் செங்கோட்டை. திருவிதாங்கூர்-கொச்சியில் இருந்த அந்தப் பகுதி, மாநில மறுசீரமைப்புச் சட்டத்தால் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு இணைந்து திருநெல்வேலி மாவட்டத்துக்குள் வந்தது. 2019 நவம்பர் 22 முதல் தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. முதல் மாற்றத்துக்கு நாடாளுமன்றம் தேவைப்பட்டது. இரண்டாவதற்கு அரசாணையே போதுமானதாக இருந்தது.

திருநெல்வேலி இதற்கு முன்பும் பிரிந்திருக்கிறதா?

ஆம். கிழக்கிந்தியக் கம்பெனி 1790-இல் அமைத்த மாவட்டம் இது. 1910-இல் ராமநாதபுரம் மாவட்டம் உருவானபோது சாத்தூரும் ஸ்ரீவில்லிபுத்தூரும் போயின. 1986 அக்டோபர் 20-இல் தூத்துக்குடி பிரிந்தபோது ஸ்ரீவைகுண்டமும் திருச்செந்தூரும் கோவில்பட்டியும் போயின. 2019-இல் சங்கரன்கோவில், ஆலங்குளம், குற்றாலம் எல்லாம் தென்காசியோடு சேர்ந்தன. திருநெல்வேலியில் இப்போது 8 தாலுகாக்கள் இருக்கின்றன.

பழைய பத்திரத்தில் ‘திருநெல்வேலி ஜில்லா’ என்று இருக்கிறது. ஊர் இப்போது தென்காசி மாவட்டம். பத்திரம் செல்லுமா?

தாராளமாகச் செல்லும். மாவட்டத்தின் பெயர் மாறியதால் உரிமை மாறாது. புதுப் பத்திரம் எழுத வேண்டியதும் இல்லை. இனி எழுதும் பத்திரத்தில் சொத்து விவரம் சொல்லும் இடத்தில் இப்போதைய மாவட்டத்தையும் தாலுகாவையும் குறிப்பிட்டால் போதும்.

கிராம நிர்வாக அலுவலர், ஊராட்சித் தலைவர்: யாரிடம் எதற்குப் போவது?

வீட்டில் இருக்கும் ரசீதுகளை எடுத்துப் பாருங்கள். வீட்டுத் தீர்வை ரசீது ஊராட்சி கொடுத்தது. வயலுக்கான நிலத் தீர்வை ரசீது கிராம நிர்வாக அலுவலர் கொடுத்தது. ஒரே குடும்பம், ஒரே ஊர். ஆனால் இரண்டு வேறு நிர்வாகங்கள்.

ஒன்று வருவாய்த் துறை. கிராம நிர்வாக அலுவலர், வருவாய் ஆய்வாளர், தாசில்தார், கோட்டாட்சியர், கலெக்டர் என்று அது மேலே போகும். இவர்கள் அரசு நியமித்தவர்கள். பட்டா, அடங்கல், சாதிச் சான்று, வருமானச் சான்று, ஆக்கிரமிப்பு ஆகியவை இவர்கள் பொறுப்பு.

இன்னொன்று உள்ளாட்சி. ஊராட்சி, ஊராட்சி ஒன்றியம், மாவட்ட ஊராட்சி என்று மூன்று அடுக்கு. இங்கே இருப்பவர்கள் நாம் ஓட்டுப் போட்டு அனுப்பியவர்கள். குடிநீர், தெருவிளக்கு, சாக்கடை, ஊருக்குள் இருக்கும் சாலை ஆகியவை ஊராட்சியின் வேலை. தெருவிளக்கு எரியவில்லை என்று வருவாய்த் துறையின் ஜமாபந்தியில் மனுக் கொடுத்தாலும், பட்டா மாறுதலுக்கு ஊராட்சித் தலைவரைச் சுற்றினாலும் அலைச்சல்தான் மிஞ்சும்.

மேயர் பெரியவரா, கலெக்டர் பெரியவரா?

மேல், கீழ் என்ற பேச்சே இங்கே இல்லை. திருநெல்வேலி, பாளையங்கோட்டை, மேலப்பாளையம் நகராட்சிகளும் தச்சநல்லூர் பேரூராட்சியும் சேர்ந்து 1994-இல் உருவானது மாநகராட்சி. அதன் 55 வார்டுகளுக்கும் மேயர் தலைமையிலான மாமன்றமே முடிவெடுக்கும், ஆணையர் நிறைவேற்றுவார். கிராம ஊராட்சிகளில் நிலைமை வேறு. அங்கே ஊராட்சிகளின் ஆய்வாளர் என்ற சட்டப் பொறுப்பு கலெக்டருக்கு உண்டு. தவறு செய்த தலைவர்மீது உரிய நடைமுறைப்படி அவர் நடவடிக்கை எடுக்கலாம்.

ஆலங்குளம் தென்காசி மாவட்டம். எம்.பி. மட்டும் ஏன் திருநெல்வேலிக்காரர்?

தொகுதி எல்லையும் மாவட்ட எல்லையும் தனித்தனி. தொகுதியை வகுப்பது தொகுதி மறுவரையறை ஆணையம். மாவட்டத்தை வகுப்பது மாநில அரசு. அரசாணையால் தொகுதியைத் தொட முடியாது. ஆகவே ஆலங்குளம் சட்டமன்றத் தொகுதி திருநெல்வேலி மக்களவைத் தொகுதியிலேயே தொடர்கிறது.

ஆறு ஒன்று, மாவட்டம் மூன்று. தண்ணீரை யார் பங்கிடுவது?

பாபநாசம் அணை திருநெல்வேலியில் இருக்கிறது. கடனாநதி அணை தென்காசி மாவட்டத்தில் இருக்கிறது. கடனாநதி திருப்புடைமருதூரில் தாமிரபரணியோடு கலக்கிறது. தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசியானவை மருதூரும் ஸ்ரீவைகுண்டமும். அவற்றின் கால்வாய்கள் தூத்துக்குடி மாவட்ட வயல்களுக்குப் பாய்கின்றன. எந்தக் கலெக்டரும் தனியாக இந்தத் தண்ணீரைப் பங்கு வைக்க முடியாது. கார், பிசான சாகுபடிகளுக்கு அணை திறக்க மாநில அரசு உத்தரவிடும். நீர்வளத் துறை முறைப்படுத்தும். மாவட்டக் கோடு எங்கே விழுந்தாலும் கடைமடை விவசாயியின் பங்கு குறையக் கூடாது என்பதுதான் நியாயம்.

மாவட்டம் பிரிந்ததால் நமக்கு நட்டம் ஏதும் உண்டா?

கலெக்டர் ஆபீஸ் பக்கத்தில் வந்தது தென்காசிப் பக்கத்தாருக்கு மெய்யான நன்மை. சங்கரன்கோவிலில் இருந்து கொக்கிரகுளத்தில் உள்ள திருநெல்வேலி கலெக்டர் ஆபீசுக்குத் திங்கள்கிழமை தோறும் மனுவோடு வந்தவர்களுக்கு அந்த அருமை தெரியும்.

நட்டம் வேறு இடத்தில் விழுந்தது. உள்ளாட்சிகளின் பதவிக்காலம் 2016 அக்டோபரில் முடிந்தது. அந்த மாதம் நடக்க வேண்டிய தேர்தலைச் சென்னை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. ஒருவழியாக 2019 டிசம்பரில் ஊரகத் தேர்தல் வந்தபோது, புதிதாகப் பிரிந்த மாவட்டங்களில் முதலில் வார்டு வரையறை முடியட்டும் என்றது உச்ச நீதிமன்றம். 27 மாவட்டங்கள் ஓட்டுப் போட்டன. திருநெல்வேலி, தென்காசி உள்ளிட்ட 9 மாவட்டங்கள் காத்திருந்தன. இங்கே ஓட்டுப்பதிவு நடந்தது 2021 அக்டோபர் 6, 9 தேதிகளில்.

ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை தேர்தல் நடந்தே தீர வேண்டும் என்கிறது அரசியல் சட்டம். ஆனால் கிட்டத்தட்ட ஐந்து ஆண்டுகள் நம் ஊராட்சிகளில் தேர்ந்தெடுக்கப்பட்டவர் ஒருவரும் இல்லை. தனி அலுவலர்களே நடத்தினார்கள். குழாயில் தண்ணீர் வராத தெருவுக்காகப் பேச வார்டு உறுப்பினர் கிடையாது. பெண்களுக்கு 50 சதவீத இட ஒதுக்கீடு சட்டமாகியும் அந்த நாற்காலிகள் காலியாகவே கிடந்தன. எல்லைக்கோடு போடுவது அரசின் வேலை. அந்த வேலை முடியவில்லை என்பதற்காக மக்களின் ஓட்டு காத்திருந்தது பெரிய அநீதி. இனி எந்த மாவட்டத்தைப் பிரித்தாலும் வார்டு வரையறையையும் தேர்தல் தேதியையும் முதலிலேயே திட்டமிட்ட பிறகுதான் பிரிக்க வேண்டும்.

சாதாரண வாக்காளர் என்ன செய்ய முடியும்?

கிராம சபைக்குப் போகலாம். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள் அது கூட வேண்டும். ஊராட்சி வாக்காளர் பட்டியலில் பேர் உள்ள ஒவ்வொருவரும் அதில் உறுப்பினர். வரவு செலவுக் கணக்கைக் கேளுங்கள். தீர்மானம் பதிவேட்டில் எழுதப்பட்டதா என்று வாசிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். வெற்றுத் தாளில் போடாதீர்கள். அடுத்த தேர்தல் தள்ளிப்போகும் என்ற பேச்சு காதில் விழுந்தால், உரிய காலத்தில் நடத்தக் கோரி அந்தச் சபையிலேயே தீர்மானம் போடுங்கள். மாவட்ட எல்லையை மாற்றும் அதிகாரம் நம் கையில் இல்லை. ஊராட்சியைக் கேள்வி கேட்கும் அதிகாரம் நம் கையில்தான் இருக்கிறது.