ஒரு கோடு போதும்: பயிர்க்கழிவும் அடுத்த விதைப்பும்

அறுவடை என்றதும் நம் கண் கதிரின் மேல்தான் போகும். தாளின் மேல் போவதில்லை. நெல்லோ கோதுமையோ, வீட்டுக்கு வரும் தானியத்தின் எடைக்கு ஏறத்தாழ ஈடான வைக்கோலும் தாளும் வயலில் கிடக்கின்றன. அடுத்த விதைப்புக்கு முன் அவற்றை என்ன செய்வது? கேட்பதற்குச் சிறிய கேள்வி. ஆனால், ஒவ்வோர் ஆண்டும் அக்டோபர், நவம்பர் மாதங்களில் வட இந்தியாவை மூடும் புகையின் ஒரு பங்கு இந்தக் கேள்வியிலிருந்துதான் கிளம்புகிறது.

நான் மலாக்கா மாநிலத்தின் ரெம்பியாவில், தோட்டப்புறத்தில் வளர்ந்தவன். பின்னாளில் வேளாண் பொறியியல் படித்தேன். எங்கள் பக்கத்துச் செம்பனைத் தோட்டங்களில் நடக்கும் மறுநடவும், பஞ்சாபின் கோதுமை விதைப்பும் ஒரே கணக்கின் இரண்டு விடைகள் என்பது அந்தப் படிப்பின்போதுதான் விளங்கியது. அந்தக் கணக்கை நம் பேரவையின் தம்பி தங்கையரோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை.

முதலில் விதைக்கும் கருவியைப் பார்ப்போம். வழக்கமான முறையில் நிலத்தை உழுது, கட்டி உடைத்து, சமப்படுத்திய பிறகு விதைப்பார்கள். நேரடி விதைப்பில் உழவே கிடையாது. டிராக்டரின் பின்னால் செல்லும் கருவி மண்ணில் மெல்லிய பள்ளத்தைக் கீறி, விதையையும் உரத்தையும் அதில் இட்டு, மூடிவிட்டு நகர்ந்துவிடும். டீசல் மிச்சம், நாள் மிச்சம், மண்ணின் ஈரமும் மிச்சம்.

சிக்கல் வைக்கோலால் வருகிறது. மண்ணைக் கீறும் உறுப்பு கொழுவாக இருந்தால், உதிர்ந்து கிடக்கும் வைக்கோலை அது வாருகோல்போல் இழுத்துச் சேர்த்துக்கொள்ளும். சிறிது தூரத்திலேயே கருவி அடைத்து நின்றுவிடும். சுழலும் தட்டாக இருந்தால் அடைப்பு குறையும். ஆனால் வேறொரு தொல்லை உண்டு. வைக்கோல் ஈரமாகவோ மண் மெதுவாகவோ இருந்தால் தட்டு அதை வெட்டாமல் பள்ளத்துக்குள் அழுத்திவிடும். வைக்கோல் கொண்டை ஊசிபோல மடங்கி உள்ளே போய்விட, விதை அதன்மேல் விழும். மண்ணைத் தொடாத விதைக்கு ஈரம் கிடைக்காது, முளைப்பு குறையும்.

எனவே பாதையைத் துப்புரவாக்கத்தான் வேண்டும். ஆனால் எவ்வளவு அகலத்துக்கு? இங்கேதான் கணக்கின் முடிச்சு இருக்கிறது. கோதுமை வரிசைகளுக்கு நடுவே ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் இடைவெளி இருக்கும். விதைக்கு வேண்டியது அதில் சில சென்டிமீட்டர் அகலமுள்ள ஒரு கோடு மட்டுமே. மீதி இடத்தில் வைக்கோல் கிடந்தால் விதைக்கு இடையூறு இல்லை. மாறாக அது வெயிலிலிருந்து ஈரத்தைக் காக்கும், களையை அடக்கும், மட்கி மண்ணோடு சேரும்.

இந்த ஒரு கோட்டைத் துப்புரவாக்க மூன்று ஏற்பாடுகள் உள்ளன. முதலாவது, அறுவடையின் போதே தொடங்குகிறது. அறுவடை இயந்திரம் தனக்குப் பின்னால் வைக்கோலை ஒரே வரப்பாகக் குவித்துவிட்டுப் போனால், பின்னால் வரும் எந்தக் கருவியும் அங்கே திணறும். நறுக்கி, வயல் முழுவதும் சீராகத் தூவிவிட்டால் பாதி வேலை முடிந்தது. இரண்டாவது, விதைக்கும் உறுப்புக்கு முன்னால் பல் சக்கரங்களைப் பொருத்துவது. அவை விதை வரிசையில் உள்ள தாளை இருபுறமும் ஒதுக்கித் தள்ளும். மண்ணைத் தோண்டாதபடி அவற்றின் உயரத்தைச் சரிசெய்துகொள்ள வேண்டும். மூன்றாவது, நேரம் பார்த்து இறங்குவது. பனி உலர்ந்து வைக்கோல் மொறுமொறுப்பான பிறகு விதைத்தால் தட்டு அதை வெட்டும். விடியற்காலை ஈரத்தில் இறங்கினால் மடக்கும்.

பஞ்சாபின் நெல் வைக்கோலுக்கு இவை மட்டும் போதவில்லை. அது அவ்வளவு அடர்த்தி. அதற்காக உருவானதே ‘ஹேப்பி சீடர்’. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய ஆய்வாளர்களும் லூதியானாவிலுள்ள பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தினரும் சேர்ந்து இதை உருவாக்கினார்கள். இதில் ஒவ்வொரு கொழுவுக்கும் முன்னால் சுழலும் கத்திகள் வைக்கோலை வெட்டி ஒதுக்க, கொழு விதையிட்டுச் செல்கிறது. வெட்டிய வைக்கோல் நிலத்துக்குப் போர்வையாகிறது. ஒரு நாளில் ஏறத்தாழ 6 முதல் 8 ஏக்கர் விதைக்கலாம்.

இவ்வளவு வசதி இருந்தும் உழவர் ஏன் தீ வைக்கிறார்? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. உண்மையில் அது நாள் கணக்கு. நிலத்தடி நீரைக் காப்பதற்காகப் பஞ்சாப் அரசு 2009இல் கொண்டுவந்த சட்டம் நெல் நடவை ஜூன் மாதத்துக்குத் தள்ளியது. நடவு தள்ளிப் போனதால் அறுவடையும் தள்ளிப் போயிற்று. நெல் அறுப்புக்கும் கோதுமை விதைப்புக்கும் இடையே இரண்டு மூன்று வாரங்களே எஞ்சின. அந்த அவசரத்தில் ஒரு தீக்குச்சியை விட மலிவான கருவி எது? ஒரு டன் நெல் வைக்கோலில் ஏறத்தாழ 5.5 கிலோ நைட்ரஜனும் 25 கிலோ பொட்டாஷும் இருக்கின்றன. தீ வைத்தால் நைட்ரஜனில் பெரும்பகுதி புகையோடு போய்விடும். ஆனால் அந்த இழப்பு அன்றே கண்ணில் படுவதில்லை. தள்ளிப்போகும் விதைப்பு கண்ணில் படுகிறது.

நம் தோட்டங்களுக்கு வருவோம். நாட்டின் முதல் வணிக ரப்பர் பயிரீடு 1896இல் டான் சாய் யான் என்பவரால் நம் மலாக்காவின் புக்கிட் லிந்தாங்கில் தொடங்கியது. அது முதல் காட்டை அழித்தாலும் பழைய மரத்தை அழித்தாலும் தோட்டத்துக்குத் தெரிந்த துடைப்பம் நெருப்பு ஒன்றுதான். மரத்தைச் சாய்த்து, காயவிட்டு, கொளுத்துவார்கள். லயத்தில் அந்த நாட்களில் துணி உலர்த்த முடியாது, கைக்குழந்தை இருமிக்கொண்டே இருக்கும் என்று என் தாயார் சொல்வார். புகையை மூச்சில் வாங்கியவர்கள் பால்மரம் வெட்டியவர்களும் அவர்கள் பிள்ளைகளும்தாம்.

செம்பனையின் பயன்தரும் காலம் ஏறத்தாழ 25 ஆண்டுகள். அதன்பின் சாய்க்கும்போது ஒரு ஹெக்டருக்குச் சுமார் 85 டன் உலர்பொருள் கிடக்கிறது. அதில் நைட்ரஜன் மட்டும் 500 கிலோவுக்கு மேல். இதை எரிக்காமல் மறுநடவு செய்யும் முறையை 1980களின் பிற்பகுதியில் கோல்டன் ஹோப் நிறுவனம் பெரிய அளவில் நடைமுறைப்படுத்தியது. அதற்காக 1992இல் ஐக்கிய நாடுகள் சுற்றுச்சூழல் திட்டத்தின் ‘குளோபல் 500’ விருதைப் பெற்றது. அந்நிறுவனம் 2007இல் சைம் டார்பியுடன் இணைந்தது.

முறை இதுதான். மண்வாரி இயந்திரம் மரத்தைச் சாய்த்து, தண்டைத் துண்டு துண்டாகச் சீவுகிறது. சீவல்களை நிரைகளுக்கு நடுவே நீளவாக்கில் அடுக்குகிறார்கள். புதிய கன்று நிற்கப்போகும் நிரை மட்டும் துப்புரவாகிறது. பஞ்சாபில் சில சென்டிமீட்டர், இங்கே சில மீட்டர். அளவு வேறு, கணக்கு ஒன்று: நடும் இடத்தைத் திற, மற்ற இடத்தை மூடியே வை.

1997இல் இந்தோனேசியக் காட்டுத் தீயின் புகைமூட்டம் இந்நாட்டை மூடி, அவ்வாண்டு செப்டம்பரில் சரவாக்கில் அவசரநிலை அறிவிக்கப்பட்டதை மூத்த மாணவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். மறு ஆண்டே சுற்றுச்சூழல் தரச் சட்டம் திருத்தப்பட்டு, திறந்தவெளி எரிப்பு சில விதிவிலக்குகளுடன் தடை செய்யப்பட்டது.

எரிக்காமல் விடுவதற்கும் விலை உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. மட்கும் செம்பனைத் தண்டு காண்டாமிருக வண்டின் புழுக்களுக்குத் தொட்டில். வளர்ந்த வண்டு இளங்கன்றின் குருத்தைத் துளைக்கும். ஆகவே தண்டை மெல்லியதாகச் சீவ வேண்டும். மூடுபயிர்க் கொடிகளை விரைவாகக் குவியல்மேல் படரவிட வேண்டும். பொறி வைத்துக் கண்காணிக்க வேண்டும். கனோடெர்மா பூஞ்சை தாக்கிய மரமானால் அடித்தூரையும் வேரையும் தோண்டி எடுத்தே தீர வேண்டும். பஞ்சாபிலும் வைக்கோல் போர்த்திய வயலில் எலித் தொல்லை, தண்டுத் துளைப்பான் தொல்லை பற்றிய முறையீடுகள் உண்டு. நெருப்பு இவற்றையெல்லாம் ஒரே நாளில் தீர்ப்பதுபோல் தோன்றும். நெருப்பில்லாத முறைக்குத் தொடர்ந்த கவனிப்பு வேண்டும்.

நம் முன்னோர் பலர் கப்பலேறி வந்த காவிரிப் படுகையிலும் இதற்கொரு பழைய விடை உண்டு. சம்பா, தாளடி நெல் அறுப்பதற்குச் சுமார் ஒரு வாரம், பத்து நாள் முன்பே, வயலில் ஈரம் இருக்கும்போது உளுந்தையோ பயறையோ நெற்பயிருக்குள் தூவிவிடுவார்கள். அரிவாள் நெல்லை அறுத்துப் போகும்போது கீழே உளுந்து முளைத்திருக்கும். தாள் வந்து தடுக்கும் முன்பே விதை மண்ணைத் தொட்டுவிடுகிறது. உழவில்லை, நெருப்பில்லை, கருவியும் இல்லை. வைக்கோல் மாட்டுக்குப் போகும். இப்போது கனமான அறுவடை இயந்திரம் வயலில் இறங்கும்போது அந்த இளஞ்செடிகள் நசுங்குகின்றன. கையாள் குறைந்ததன் விலை அது.

மூன்று இடங்களையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குப் புலப்படுவது ஒன்றுதான். பெரிய தோட்டத்தால் எரிப்பை விட முடிந்ததற்குக் காரணம், மண்வாரி இயந்திரத்தை வாடகைக்கு எடுக்கவும் இரண்டு ஆண்டு காத்திருக்கவும் அதனிடம் பணம் இருந்தது. ஐந்து ஏக்கர் உழவரிடம் அது இல்லை. 2019இல் ‘சயின்ஸ்’ ஆய்விதழில் வெளிவந்த கட்டுரை ஒன்று, ஹேப்பி சீடர் முறை எரிப்பு முறையைவிடச் சராசரியாக 10 முதல் 20 சதவீதம் கூடுதல் லாபம் தரும் எனக் கணித்தது. அந்த லாபம் கைக்கு வர, விதைப்பு நாளில் கருவி அவர் வயலுக்கு வந்தாக வேண்டும். இந்திய அரசு 2018இல் தொடங்கிய மானியத் திட்டம் கருவிகளை வாடகைக்கு விடும் மையங்களையும் அமைத்தது இதற்காகவே. அபராதத்தால் மட்டும் தீ அணையாது. கூட்டாக வாங்கிய கருவி, முறை வைத்துப் பகிரும் ஏற்பாடு, சரியான நாளில் கிடைக்கும் ஆள் ஆகியவை வேண்டும்.

நம்மில் பலர் தோட்டத்தை விட்டு வந்தவர்கள். நம் பிள்ளைகளுக்குச் செம்பனை நெடுஞ்சாலை ஓரத்துப் பச்சை மட்டுமே. ஆனாலும் பொறியியல், பொருளியல், சட்டம், உயிரியல் என எதைப் படித்தாலும் இந்தக் கணக்கில் நமக்கொரு பங்கு இருக்கிறது. அடுத்த முறை ஊருக்குப் போகும்போது மறுநடவு நடக்கும் தோட்டம் ஒன்றின் ஓரமாக நின்று பாருங்கள். நிரைக்கு நடுவே கருத்துக் கிடக்கும் சீவல் குவியலையும், அதன்மேல் ஏறும் கொடியையும் பார்க்கலாம். குப்பைபோல் தோன்றும் அது, அடுத்த 25 ஆண்டுக்கு மண் போடும் முதலீடு.