மறைப்பும் வண்ணமும்

மாணவர்களே! கோயில் மதிலில் காவியும் வெள்ளையும் மாறி மாறிப் பட்டையிடும் தொழிலாளரை நீங்கள் கண்டிருப்பீர்கள். அவர் வந்தவுடன் தூரிகையைக் கையில் எடுப்பதில்லை. முதலில் அளவெடுக்கிறார், நூலடித்துக் கோடு இடுகிறார், அதன் பின்னரே வண்ணக் கலத்தின் அருகே செல்கிறார். வண்ணம் பூசுதல் எளிது. பூசத் தகாத இடத்தில் வண்ணம் படாமல் காத்தலே அரிது என்பதை அவர் நன்கு அறிவார். பெரிய மதிலுக்கே இத்துணைக் கருத்து வேண்டுமாயின், கையில் அடங்கும் ஒரு மாதிரி உருவிற்கு வண்ணம் தீட்டுவோர் எத்துணைக் கருத்துடையவராய் இருத்தல் வேண்டும்!

மாதிரி உரு என்பது வெறும் விளையாட்டுப் பொருள் அன்று. உண்மைப் பொருளின் ஒவ்வோர் உறுப்பையும் ஒரே விகிதத்தில் சுருக்கி அமைப்பதே மாதிரி உரு. வானூர்தி மாதிரிகளில் 72இல் ஒரு பங்கு என்னும் அளவு பெரிதும் வழங்குகிறது. இவ்வளவில், 72 மில்லிமீட்டர் நீளமுள்ள உறுப்பு 1 மில்லிமீட்டராகச் சுருங்கிவிடுகிறது. இதனைத் திருப்பி நோக்குங்கள். மாதிரியில் நம் கை 1 மில்லிமீட்டர் பிறழ்ந்தால், உண்மைப் பொருளில் அது 72 மில்லிமீட்டர் பிழைக்கு ஒப்பாகும். ஏறக்குறைய நான்கு விரற்கடை! உண்மையான இரயில் பெட்டியில் இரு வண்ணங்கள் கூடும் இடத்தில், ஒரு வண்ணம் நான்கு விரற்கடை அளவிற்கு வழிந்து கிடந்தால் அதனை யார் ஏற்பர்? ஆகவே, ஒரு மாதிரி உண்மை போலத் தோன்றுவதும் பொம்மை போலத் தோன்றுவதும் அதன் வண்ண விளிம்பைப் பொறுத்தே அமைகின்றன.

விளிம்பு திருத்தமாக அமைவதற்கு மனிதன் கண்ட வழி மறைப்பு என்பதாகும். வண்ணம் படக்கூடாத இடத்தை ஏதேனும் ஒரு பொருளால் மூடிவிட்டு, எஞ்சிய இடத்தில் வண்ணம் பூசுகிறோம். பின்னர் மூடியதை நீக்குகிறோம். இவ்வழி மிகப் பழமையானது. இந்தோனேசியாவின் சுலாவெசித் தீவிலுள்ள குகைகளில் மனிதக் கையின் வடிவங்கள் காணப்படுகின்றன. அவை கையால் எழுதிய ஓவியங்கள் அல்ல. பாறையின்மீது கையை வைத்து, அதனைச் சுற்றிலும் செந்நிறத்தைத் தெளித்துப் பின் கையை எடுத்தமையால் உண்டான வெற்றிடங்கள் அவை. அவற்றுள் ஒன்று 39,000 ஆண்டுகளுக்கும் மேற்பட்ட பழமையுடையது என்பதை 2014 ஆம் ஆண்டில் வெளியான ஓர் ஆய்வு காட்டியது. மனிதன் பயன்படுத்திய மிகப் பழைய மறைப்புகளுள் அவனுடைய கையும் ஒன்று என்று நாம் சொல்லலாம்.

நம் சோழமண்டலக் கரையிலிருந்து 17, 18 ஆம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவிற்குச் சென்ற வண்ணத் துணிகளிலும் இம்முறையைக் காணலாம். துணியில் நீலம் ஏறக்கூடாத இடங்களையெல்லாம் கைவினைஞர் உருகிய மெழுகால் மூடினர்; அதன் பின்னரே துணியை அவுரிச் சாயத்தில் தோய்த்தனர். மெழுகு நின்ற இடத்தில் சாயம் ஏறவில்லை.

இன்று உலகெங்கும் வழங்கும் ஒட்டுநாடாவின் வரலாறும் இத்துடன் தொடர்புடையது. அமெரிக்க நாட்டில் 1920க்குப் பிற்பட்ட ஆண்டுகளில், இரு வண்ணம் தீட்டிய மோட்டார் வண்டிகளை மக்கள் விரும்பினர். வண்ணம் பூசுவோர் செய்தித்தாள்களைப் பசையாலோ மருத்துவ நாடாவாலோ ஒட்டி வண்டியின் ஒரு பகுதியை மறைத்தனர். அவற்றைப் பிரிக்கும்பொழுது புதிய வண்ணமும் உடன் உரிந்து வந்தது. உப்புத்தாள் செய்யும் ஒரு நிறுவனத்தில் பணிபுரிந்த ரிச்சர்டு டுரூ என்னும் இளைஞர், செயின்ட் பால் நகரத்து வண்ணப் பட்டறை ஒன்றில் தொழிலாளர் பட்ட இத்துன்பத்தைக் கண்டார். இறுகப் பற்றியும் எளிதில் பிரிந்தும் வரக்கூடிய நாடா ஒன்றினை அமைத்தல் வேண்டும் என எண்ணி உழைத்தார். 1925 ஆம் ஆண்டில் சுருக்கங்கள் கொண்ட காகிதத்தாலான மறைப்பு நாடாவை உருவாக்கினார். நம் வீடுகளில் உள்ள ஒளி ஊடுருவும் ஒட்டுநாடாவை 1930 ஆம் ஆண்டில் அமைத்தவரும் அவரே. இறுகப் பற்றுதல், எளிதில் பிரிதல் என்னும் இவ்விரண்டுமே நல்ல மறைப்பின் இலக்கணம் என்பதை நினைவிற் கொள்க.

மாதிரி உருக்களுக்கென்றே செய்த மறைப்பு நாடாக்கள் கடைகளில் கிடைக்கின்றன. எனினும், அவை இல்லையே என்று மாணவர் எவரும் வருந்த வேண்டுவதில்லை. நம் வீட்டு அலமாரியிலும் அடுக்களையிலும் உள்ள பொருள்களே போதியவை. ஓர் எடுத்துக்காட்டால் இதனை விளக்குவோம்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலத்திற்கு ஏறக்குறைய 46 கிலோமீட்டர் தொலைவு மலையேறும் இரயிலை அறியாதார் இலர். உதகை வரை 1908 ஆம் ஆண்டில் முழுமை பெற்ற இப்பாதை, 2005 ஆம் ஆண்டில் உலக மரபுச் சின்னங்களின் வரிசையில் இடம் பெற்றது. அதன் பெட்டிகள் கீழே நீலமும் மேலே பாலேடு போன்ற இளமஞ்சளும் கொண்டு அழகுறத் திகழ்வன. பள்ளிக் கண்காட்சிக்காக மாணவன் ஒருவன் அப்பெட்டியை அட்டையாலும் மரத்தாலும் செய்து முடித்திருக்கிறான் எனக் கொள்வோம். மூன்று வாரம் அவன் உழைத்திருக்கிறான். இனி வண்ணம் ஒன்றே குறை. இந்நிலையில் அவன் அவசரப்பட்டால் மூன்று வார உழைப்பும் ஒரு மணி நேரத்தில் பாழாகும்.

அவன் முதலில் செய்ய வேண்டியது, இளமஞ்சளைப் பெட்டி முழுவதும் பூசுதல். வெளிறிய வண்ணம் முன்னும் கருமையான வண்ணம் பின்னும் வருதல் வேண்டும். நீலம் மஞ்சளை எளிதில் மறைக்கும். மஞ்சள் நீலத்தை எளிதில் மறைக்காது. எனாமல் வண்ணமாயின், பூசியபின் ஒரு நாளேனும் முழுமையாக உலரவிடுதல் நன்று. உலராத வண்ணத்தின்மேல் நாடாவை ஒட்டினால், நாடாவுடன் வண்ணமும் உரிந்து வரும்.

அடுத்து நாடாவை ஒட்ட வேண்டும். வீட்டிலுள்ள ஒட்டுநாடா மிகுந்த பற்றுடையது. ஆகவே, அதனைத் தூய துணியின்மீது இரண்டு மூன்று முறை ஒட்டி எடுத்தல் வேண்டும். துணியின் நுண்ணிய இழைகள் பசையில் படிவதால் அதன் வலிமை குறையும். நாடாச் சுருளின் ஓரத்தில் தூசு படிந்திருக்கும். அவ்வோரம் நேராய் இராது. ஆதலின், நாடாவைக் கண்ணாடித் துண்டின்மேல் ஒட்டி, இரும்பு அளவுகோலை வைத்துக் கூரிய கத்தியால் புதிய விளிம்பு ஒன்றை வெட்டிக்கொள்ள வேண்டும். இவ்விளிம்பையே வண்ணங்கள் கூடும் கோட்டில் ஒட்டிப் பல்குத்தும் குச்சியின் மழுங்கிய முனையால் மெல்ல அழுத்தித் தேய்க்க வேண்டும். சிறு துரும்பும் பல் குத்த உதவும் என்பது பழமொழி. இங்கே பல் குத்தும் துரும்பு வண்ணம் காக்கவும் உதவுகிறது. நாடாவிற்கு மேலுள்ள பரந்த பகுதியை எழுதாத வெள்ளைத் தாளால் மூடலாம். செய்தித்தாளின் மை சில வேளைகளில் வண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். ஆகவே அது மேலுறையாக மட்டும் அமைவது நலம்.

இனி நீலத்தைப் பூசலாமா? பொறுங்கள்! எத்துணை அழுத்தித் தேய்த்தாலும் நாடாவின் அடியில் மிக நுண்ணிய இடைவெளிகள் இருந்தே தீரும். விளக்குத் திரியில் எண்ணெய் தானே ஏறுவதை நீங்கள் அறிவீர்கள். நுண்துளைகளின் வழியே நீர்மம் ஈர்க்கப்படுதலே அதற்குக் காரணம். அதே ஆற்றலால் வண்ணமும் நாடாவின் அடியில் புகுந்து, விளிம்பைப் பல்பல்லாகச் செய்துவிடுகிறது. இதனைத் தடுக்க ஓர் எளிய வழி உண்டு. நீலத்தைப் பூசுமுன், முதலில் பூசிய அதே இளமஞ்சளை நாடாவின் விளிம்பை ஒட்டி மெல்லியதாக ஒரு முறை பூசி உலரவிட வேண்டும். கசிய வேண்டியது அவ்விளமஞ்சளே கசியட்டும். மஞ்சளின்மேல் மஞ்சள் கசிந்தால் யார் அறிவார்? இடைவெளிகளும் அதனால் அடைபடும். அதன் பின்னர் நீலம் புக வழி இராது.

நீலத்தையும் ஒரே முறையில் தடித்துப் பூசுதல் கூடாது. மெல்லிய பூச்சுகள் இரண்டோ மூன்றோ நன்று. தூரிகை நாடாவின் மேலிருந்து பெட்டியின் கீழ்ப்பகுதியை நோக்கி இயங்க வேண்டும். எதிர்த்திசையில் இயங்கினால் அது வண்ணத்தை நாடாவின் அடியில் தள்ளும். கடைசிப் பூச்சு கையில் ஒட்டாத நிலைக்கு வந்தவுடன், அது கல்லென இறுகுமுன், நாடாவைப் பிரிக்க வேண்டும். நாடாவை மேல்நோக்கி இழுத்தல் தவறு. அதனைத் தன்மேலே மடித்து, மாதிரியின் பரப்பை ஒட்டியே மெதுவாக இழுத்தல் வேண்டும்.

நேர்கோட்டிற்கு நாடா பொருந்தும். எல்லா இடத்திற்கும் அது பொருந்தாது. வானூர்தியின் சக்கரங்கள் அடங்கும் குழிகளை நனைத்துப் பிழிந்த பஞ்சால் அடைக்கலாம். வளைந்த பகுதிகளைப் பிசைந்த கோதுமை மாவால் மூடலாம். ஆனால், மாவு காய்ந்து இறுகுமுன் அதனை நீக்கிவிட வேண்டும். குழாய் பொருத்துவோர் மரையில் சுற்றும் வெள்ளை நாடாவில் பசை இல்லை; ஆயினும், இழுத்துச் சுற்றினால் அது எவ்வடிவத்தையும் தழுவி நிற்கும். சிறிய கண்ணாடிப் பலகணிகளின்மீது, தாளும் மரமும் ஒட்டப் பயன்படும் வெண்பசையைக் குச்சியால் தடவலாம். அதிலுள்ள நீர் ஆவியாகியபின் பசை ஒளி ஊடுருவும் மெல்லிய தோலாகிறது. சட்டங்களுக்கு எனாமல் வண்ணம் பூசி உலர்ந்தபின், அத்தோலின் ஓரத்தைக் குச்சியால் நெம்பி உரித்தெடுக்கலாம்.

வட்டங்களுக்கும் வழி உண்டு. இந்திய வான்படையின் ஊர்திகளில் வெளியே காவியும் இடையே வெள்ளையும் நடுவே பச்சையும் அமைந்த வட்டச் சின்னத்தைக் காண்கிறோம். முதலில், பெரிய வட்டத் துளை வெட்டிய தாளை ஒட்டி, துளை முழுவதும் வெள்ளை பூச வேண்டும். அது உலர்ந்தபின், அத்தாளை எடுக்காமலே, வலுவிழக்கச் செய்த நாடாவில் வெட்டிய ஒரு வளையத்தை நடுவே ஒட்ட வேண்டும். வளையத்தின் வெளியே காவியும் உள்ளே பச்சையும் தீட்டி வளையத்தை நீக்கினால், வெள்ளை தானே வெளிப்படும். ஒரே வளையம் இரு விளிம்புகளையும் காத்துத் தருகிறது!

மாதிரிகள் யாவும் புதுமை மாறாமல் இருக்க வேண்டும் என்பதில்லை. மழையிலும் வெயிலிலும் உழைத்த சரக்குப் பெட்டியில் வண்ணம் உரிந்து துரு தெரிவது இயல்பு. அதனைக் காட்ட நம் உப்பு உதவுகிறது. துருவின் பழுப்பு நிறத்தை முதலில் பூசி உலரவிட்டு, நீரால் சிறிது நனைத்து, ஆங்காங்கே உப்பைத் தூவ வேண்டும். நீர் உலர உப்பு ஒட்டிக்கொள்ளும். அதன்மேல் பெட்டியின் வண்ணத்தைத் தெளிப்பானால் தெளித்து, உலர்ந்தபின் கடினமான தூரிகையால் உப்பைத் தேய்த்து நீக்கினால், உப்பு இருந்த இடமெல்லாம் துரு தோன்றும். தூரிகையால் பூசுவோர்க்கு உப்பு பயன்படாது. தூரிகை அதனைக் கலைத்துவிடும். அவர்கள் மெழுகுவத்தித் துண்டைப் படிகளிலும் ஓரங்களிலும் தேய்த்து, மேலே வண்ணம் பூசி, உலர்ந்தபின் நகத்தால் சுரண்டலாம்.

ஒன்றை மட்டும் மறவாதீர்கள். எப்பொருளையும் முதலில் ஒரு கழிவுத் துண்டில் ஆய்ந்து பார்த்த பின்னரே மாதிரியில் பயன்படுத்த வேண்டும். மிதிவண்டிக் குழாய்க்கு ஒட்டுப் போடும் ரப்பர்க் கரைசல் நல்ல மறைப்பாகத் தோன்றும். ஆனால், அதிலுள்ள கரைப்பான் பிளாஸ்டிக்கைக் கெடுக்கக்கூடும். எனாமலும் தின்னரும் எளிதில் தீப்பற்றுவன. அவற்றின் ஆவி உடலுக்குத் தீங்கு செய்வது. ஆகவே, அடுப்புக்கும் விளக்குக்கும் விலகி, சாளரங்களைத் திறந்து வைத்து, பெரியோர் ஒருவர் அருகிலிருக்கப் பணி செய்தல் வேண்டும்.

கண்காட்சி நாளன்று நம் மாணவனின் இரயில் பெட்டியைக் காண்போர் நீலத்தைப் பாராட்டுவர், மஞ்சளைப் பாராட்டுவர். குப்பைக் கூடையில் கிடக்கும் நாடாவையும் தாளையும் பஞ்சையும் எவரும் எண்ணார். ஆயினும், நீலமும் மஞ்சளும் கூடும் அந்த நேரிய கோடு, அவை தம் கடமையைச் செய்தமைக்குச் சான்றாக நிற்கும். பொருள் எளியதாயினும் அதன் இயல்பை அறிந்து, பொறுமையுடன் பயன்படுத்துவோர் கையில் அது சிறந்த கருவியாகிறது.