வலிப்பு நோயுள்ள நாய்: வளர்ப்பவரின் கடமையும் உரிமையும்

நாயின் வாழ்நாள் முழுதும் தொடரக்கூடிய நோய்களுள் ஒன்று வலிப்பு. மூளை நரம்பணுக்களின் மின்செயல்பாடு திடீரென ஒழுங்கு குலைவதால் நாய் நினைவிழந்து விழுந்து, கால்களை உதறி, வாயில் நுரை தள்ளுகிறது. பெரும்பாலும் ஆறு மாதத்திற்கும் ஆறு வயதிற்கும் இடையே தொடங்கி, பரிசோதனையில் வேறு காரணம் எதுவும் புலப்படாத வலிப்பை மூலக்காரணம் அறியப்படாத வலிப்பு என்று கால்நடை மருத்துவம் வகைப்படுத்துகிறது. இது முற்றிலும் தீர்வது அரிது. ஆயினும் முறையான மருந்தால் பல நாய்கள் ஆண்டுக்கணக்கில் நன்றாக வாழ்கின்றன. நோய் தீராது என்பதால் வளர்ப்பவரின் பொறுப்பு குறைவதில்லை. அந்நாயின் கடைசி நாள்வரை அது நீள்கிறது.

அன்றாடப் பராமரிப்பும் ஆபத்துகளும்

பீனோபார்பிடோன், பொட்டாசியம் புரோமைடு ஆகியவை இந்நோய்க்குப் பரவலாகத் தரப்படும் மருந்துகள். இவற்றை மருத்துவரின் சீட்டின்படியே கொடுக்க வேண்டும். வலிப்பு நின்றுவிட்டதென்று திடீரென நிறுத்தினால் முன்னினும் கடுமையாகத் திரும்பும். கடலூர் தேவனாம்பட்டினம் போன்ற மீனவர் ஊர்களில் கூடுதல் கவனம் தேவை. கருவாட்டின் உப்பிலும் கடல்நீரிலும் உள்ள குளோரைடு உடலில் மிகுந்தால் புரோமைடு சிறுநீர் வழியே விரைந்து வெளியேறி, மருந்து கொடுத்தும் வலிப்பு வரக்கூடும்; ஆகவே அம்மருந்து உண்ணும் நாய்க்கு உணவின் உப்பளவு நாளுக்கு நாள் மாறலாகாது. இத்தகைய நாயைக் கடலிலோ கெடிலம் முகத்துவாரத்திலோ தனியே இறங்க விடுவதும் தவறு.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் தாக்கியபின் கடலூர் வட்டாரம் பல நாள் மின்சாரமின்றித் தவித்ததை நினைவிற்கொண்டு, மழைக்காலம் தொடங்குமுன்பே சில வாரங்களுக்கான மருந்தை நனையாத உறையில் சேமித்து வைப்பது நல்லது.

வலிப்பு வரும்போது வாய்க்குள் கையையோ இரும்பையோ வைக்காமல், முட்டிக்கொள்ளும் பொருள்களை அகற்றி, நேரத்தைக் குறிக்க வேண்டும். ஐந்து நிமிடத்திற்கு மேல் நீடித்தாலும், ஒரே நாளில் இரண்டு முறைக்கு மேல் வந்தாலும் அது அவசரநிலை. 1962 என்ற கால்நடை உதவி எண்ணை அழைக்கலாம். புதுச்சேரி குரும்பாபேட்டில் உள்ள ராஜீவ்காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரியும் கடலூருக்கு அருகில் உள்ளது. நுரை தள்ளுவதைக் கண்டு வெறிநோய் என்று அஞ்சி அக்கம்பக்கத்தார் அடிக்க முற்படக்கூடும் என்பதால், வெறிநோய்த் தடுப்பூசிச் சான்றையும் மருத்துவக் குறிப்புகளையும் கைக்கெட்டும் இடத்தில் வைத்திருப்பது இன்றியமையாதது.

சட்டம் தரும் பாதுகாப்பு

1960ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டம், 3ஆம் பிரிவின்படி, விலங்கைப் பொறுப்பில் வைத்திருப்பவர் அதன் நலனைக் காத்துத் தேவையற்ற வேதனையைத் தடுக்க வேண்டும் என்கிறது. பசி, தாகத்தால் துன்புறும் நிலையில் தகுந்த காரணமின்றி அதைக் கைவிடுவது 11ஆம் பிரிவின்படி குற்றம். செலவு தாங்காமல் நாயைக் கடற்கரையில் விட்டுச் செல்வதும் இதில் அடங்கும். பிறர் வளர்ப்பு நாயை நஞ்சிட்டோ அடித்தோ கொன்றால், தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் 325ஆம் பிரிவு ஐந்தாண்டு வரை சிறைத்தண்டனைக்கு வழி செய்கிறது. கட்டணம் பெற்ற சிகிச்சையில் கவனக்குறைவு நேர்ந்தால், இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் முறையிடலாம். மருந்துச் சீட்டு, ரசீது, இறந்திருப்பின் உடற்கூறாய்வு அறிக்கை ஆகியவையே சான்றாகும்.

இறுதி முடிவும் இழப்பும்

மருந்துக்குக் கட்டுப்படாத வலிப்பு தொடர்ந்து வந்து, உண்ணவும் எழவும் இயலாது நாய் துன்புறும்போது, கருணைக்கொலை பற்றி மருத்துவருடன் கலந்து பேசுவது அன்புக்கு மாறானதன்று. அதைப் பதிவுபெற்ற கால்நடை மருத்துவரே வலியின்றிச் செய்ய வேண்டும். வீட்டில் நஞ்சு வைப்பது கொடுமையும் குற்றமும் ஆகும். இதற்கெனப் போடப்படும் பென்டோபார்பிடால் ஊசிமருந்து உடலிலேயே தங்கி, தோண்டித் தின்னும் நாய்களையும் காகங்களையும் கொல்லக்கூடும் என்பதால், கடற்கரை மணலில் மேலோட்டமாகப் புதைக்காமல், மாநகராட்சியிடம் கேட்டு, கிணற்றுக்கு அப்பால் ஆழமாகப் புதைக்க வேண்டும்.

ஆண்டுக்கணக்கில் வேளை தவறாமல் மருந்து கொடுத்தவர்களுக்கு, இறப்பிற்குப் பின் துயரத்தோடு குற்றவுணர்வும் எழுவது இயல்பு. நாய்க்காக அழுவதைப் பழிப்பவர்கள், திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் மகேந்திரவர்ம பல்லவன் காலத்து நடுகல்லொன்று, வீரனோடு அவனது நாய் கோவிவனையும் பெயர்சொல்லிப் போற்றுவதை அறிய வேண்டும். குழந்தைகளிடம் நாய் ஓடிவிட்டது என்று சொல்லாமல் உண்மையை மென்மையாகக் கூறுவதும், துயரம் உறக்கத்தையும் வேலையையும் கெடுக்கும் அளவு நீண்டால் 14416 என்ற டெலி-மனஸ் மனநல உதவி எண்ணை அழைப்பதும் தக்க வழிகள். நோயுற்ற உயிரைக் கைவிடாது காத்தவர் அதன் மறைவுக்கு வருந்தும்போது, அவரைத் தேற்றுவது உறவினருக்கும் ஊராருக்கும் உரிய கடமையாகும்.