விமானியின் கையும் தானியங்கிக் கருவியும்

ஆகாய விமானத்திற் பிரயாணஞ் செய்வோர், தம்மைச் சுமந்து செல்லும் ஊர்தியை வழி முழுவதும் ஒரு மனிதர் தம் கைகளாலேயே செலுத்துகின்றார் என்று எண்ணுவது இயல்பு. உண்மை அதுவன்று. நெடுந்தூரம் செல்லும் பெரிய விமானங்களில், தரையை விட்டெழும்பிய சில நிமிஷங்களும் இறங்குமுன் உள்ள சில நிமிஷங்களும் நீங்கலாக, எஞ்சிய நேரமெல்லாம் விமானத்தைச் செலுத்துவது ஆட்டோபைலட் எனப்படும் தானியங்கிக் கருவியே. விமானியோ வழியையும் உயரத்தையும் வேகத்தையும் அதற்குக் குறித்துக் கொடுத்துவிட்டு, அது செய்யும் வேலையைக் கண்காணித்துக் கொண்டிருக்கிறார். இவ்வேற்பாட்டினால் விளைந்த நன்மை பெரிது. அதனோடு கூடவே வந்த குறையும் ஒன்றுண்டு. அக்குறையைப் பற்றியே ஈண்டுச் சிறிது ஆராயப் புகுகின்றோம்.

இக்கருவி நேற்றுத் தோன்றியதன்று. 1914-ம் வருஷம் ஜூன் மாதத்தில், பாரிஸ் நகரத்தருகே ஸீன் நதியின்மேல், லாரன்ஸ் ஸ்பெர்ரி என்னும் அமெரிக்க இளைஞர், சுழலும் பம்பரத்தின் இயல்பை ஆதாரமாகக் கொண்டமைந்த கருவியொன்றைத் தம் விமானத்திற் பூட்டி, இரு கைகளையும் உயரத் தூக்கியவண்ணம் பறந்து காட்டினார். அவருடைய உதவியாள் இறக்கையின்மேல் நடந்து சென்றபோதும் விமானம் நிலை பெயரவில்லை. 1933-ல் வைலி போஸ்ட் என்பவர் தன்னந்தனியே எட்டு நாளுக்குள் உலகத்தைச் சுற்றி வந்ததற்கும் இவ்வினத்துக் கருவியே துணை. மனிதன் சோர்வான், உறங்குவான், பம்பரத்திற்கு அவை இல்லை. பிற்காலத்தில் கணிப்பொறிகளும் இதனோடு சேர்ந்தன. முற்காலத்தினும் இப்போது விமான விபத்துக்கள் மிகக் குறைந்திருப்பதற்கு இக்கருவிகளும் ஒரு காரணமென்பதை எவரும் மறுக்கார்.

இனிக் குறையைக் கூறுவோம். 2009-ம் வருஷம் மே மாதம் 31-ந் தேதி மாலை, பிரேஸில் தேசத்து ரியோ டி ஜனீரோவிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட ஏர் பிரான்ஸ் 447 என்னும் விமானத்தில் 228 பேர் இருந்தனர். நள்ளிரவில், அட்லாண்டிக் சமுத்திரத்தின் நடுவே, 35,000 அடி உயரத்திற் செல்கையில், முறைப்படி தலைமை விமானி ஓய்வெடுக்கச் சென்றார். துணை விமானிகள் இருவர் பொறுப்பேற்றிருந்தனர். விமானத்தின் முன்பாகத்தில் பீட்டோ குழல்கள் என்னும் சிறு குழல்கள் உண்டு. எதிர்வருங் காற்று அவற்றுட் புகுந்து அழுத்தும் அழுத்தத்தைக் கொண்டே வேகம் கணிக்கப்படுகின்றது. மேகத்திலிருந்த பனித் துகள்கள் அக்குழல்களை அடைத்துவிட்டன. வேகத்தைக் காட்டும் அளவுகள் ஒன்றோடொன்று முரண்பட்டன. எதை நம்புவதென்று அறியாத தானியங்கி, கிரீனிச் நேரப்படி 2 மணி 10 நிமிஷத்திற்கு, பொறுப்பை மனிதர் கையில் விட்டுவிட்டு விலகிக்கொண்டது.

விமானத்திற்கு அப்போது வேறு யாதொரு ஊனமும் நேரவில்லை என்பதை வாசகர் மனத்திற் கொள்ள வேண்டும். எஞ்சின்கள் ஓடிக்கொண்டிருந்தன, இறக்கைகள் செவ்வனே இருந்தன. மூக்கின் சாய்வையும் எஞ்சின்களின் விசையையும் முன்னிருந்தபடியே வைத்திருந்தால் வேகமும் ஏறக்குறைய முன்னிருந்தபடியே இருந்திருக்கும். குழல்களும் ஒரு நிமிஷத்திற்குள் தெளிந்துவிட்டன. ஆனால் அந்த ஒரு நிமிஷத்திற்குள் காரியம் கெட்டுவிட்டது. கைப்பிடியைப் பற்றிய துணை விமானி அதனைப் பின்னுக்கிழுத்தார். விமானம் 38,000 அடி வரையில் ஏறி, வேகம் குன்றியது.

இறக்கையானது காற்றைச் சிறு கோணத்தில் எதிர்கொள்ளும் வரையில், காற்று அதன் மேற்பரப்பைத் தழுவிச் சென்று விமானத்தைத் தாங்கும். அக்கோணம் மிகுந்தால் காற்று மேற்பரப்பை விட்டுப் பிரிந்து குலையும். தாங்கும் ஆற்றல் குன்றும். விமானம் விழத் தொடங்கும். இதனை ஸ்டால் என்பர். இதற்குப் பரிகாரம் மூக்கைத் தாழ்த்துவதே. ஆயினும் விழுந்துகொண்டிருப்பவர் மூக்கை இன்னுந் தாழ்த்துவதென்பது மனித சுபாவத்திற்கு மாறானது. பழக்கம் ஒன்றே அதனைக் கைக்குக் கற்பிக்கும்.

எச்சரிக்கை ஒலி தொடர்ந்து 54 விநாடி ஒலித்தது. ஒன்றரை நிமிஷத்தில் தலைமை விமானி விரைந்து வந்தார். நிகழ்வது இன்னதென்று அவருக்கும் விளங்கவில்லை. இதனிடையே வேறொரு கொடுமையும் நேர்ந்தது. வேகத்தின் அளவு மிகக் குறைந்துவிட்டதாகக் காட்டியபோது, அவ்வளவு பொய்யென்று கருதிய கணிப்பொறி எச்சரிக்கையை நிறுத்திவிட்டது. விமானி மூக்கைச் சிறிது தாழ்த்திய போதெல்லாம் அளவு மீண்டு, எச்சரிக்கையும் மீண்டும் ஒலித்தது. சரியானதைச் செய்யுந்தோறும் அதட்டியும், தவறானதைச் செய்யுந்தோறும் வாளாவிருந்தும் கற்பிக்கும் ஆசிரியரிடம் மாணாக்கன் என்ன கற்பான்? மேலும் அவ்விமானத்தில் கைப்பிடிகள் இரண்டும் தனித்தனியே அமைந்தவை. ஒருவர் இழுப்பதை மற்றவர் கை உணராது. தாம் வெகுநேரமாக இழுத்துக்கொண்டிருந்ததை அத்துணை விமானி வாய்விட்டுச் சொன்னபோது கடல் மிக அண்மையில் இருந்தது. தானியங்கி விலகிய நாலரை நிமிஷத்திற்குள் 228 உயிர்களும் மாண்டன.

பதிவுக் கருவிகள் ஏறக்குறைய 3,900 மீட்டர் ஆழத்திலிருந்து 2011-ல் எடுக்கப்பட்டன. 2012 ஜூலையில் வெளியான பிரெஞ்சு விசாரணை அறிக்கையில் நம் கருத்தைக் கவர்வது ஒன்றுண்டு: பெருவுயரத்தில் கையால் விமானத்தைச் செலுத்துவதற்கு அவ்விருவருக்கும் பயிற்சியே அளிக்கப்படவில்லை. அவர்களை அறியாதவரென்று பழிக்க நமக்கு நா எழவில்லை. அவ்வுயரத்தில் எந்நாளும் கருவியே செலுத்தியது. கருவி கைவிட்ட அவ்விரவில், ஒருநாளும் செய்யாததை இருளிலும் மேகத்திலும் செய்யவேண்டியதாயிற்று. இவ்வகை விபரீதத்தை லிஸேன் பெயின்பிரிட்ஜ் என்னும் உளநூலறிஞர் 1983-லேயே எடுத்துக் காட்டியிருந்தார். எளிய வேலைகளைப் பொறி ஏற்றுக்கொள்கின்றது. அரியவற்றை மனிதனுக்கு விட்டுவிடுகின்றது. எளியவற்றைச் செய்து பெறும் பழக்கமோ அவனுக்கு இல்லாமற் போகின்றது என்பது அவர் வாதம். கணக்குப் பொறியை நம்பி வாய்ப்பாட்டை மறந்தவர் நம்மிடையேயும் இல்லாமலில்லை. ஆனால் நமக்குப் போவது மதிப்பெண் மட்டுமே.

2013 ஜூலையில் ஸான் பிரான்ஸிஸ்கோவில், தெளிந்த பகற்பொழுதில், ஏஷியானா விமானமொன்று ஓடுபாதையின் முன்னுள்ள கடற்சுவரில் மோதி மூவர் இறந்தனர். வேகத்தைக் கருவி காத்துக்கொள்ளுமென்று விமானிகள் நம்பியிருந்தனர். தாம் செய்த ஒரு மாற்றத்தால் கருவி அவ்வேலையை விட்டிருந்ததை அவர்கள் உணரவில்லை.

அவ்வாண்டின் தொடக்கத்திலேயே, தக்க சமயங்களில் விமானிகளைக் கையாற் பறக்க ஊக்குமாறு அமெரிக்க விமான நிர்வாகம் கம்பெனிகளைக் கேட்டுக்கொண்டிருந்தது. ஸ்டாலின் தொடக்கத்தை மட்டுமன்றி முழு ஸ்டாலையும் பாவனை விமானங்களிற் பயிற்ற வேண்டுமென்று அவ்வாண்டிலேயே விதித்தது. 2019 முதல் அது கட்டாயமாயிற்று. பாவனையிற் கற்பது போதுமா என்பதில் நமக்கு ஐயமுண்டு. அங்கே அச்சம் இல்லை. மெய்யான வானிலோ, நெருக்கம் மிகுந்த நிலையங்களிலும் களைத்து முடியும் நெடும் பிரயாணங்களிலும் கையாற் செலுத்த வாய்ப்பு அரிது. ஆதலால் வானம் தெளிந்த நாளில், நெருக்கமில்லாத நிலையத்தை அணுகுகையில், தானியங்கியை நிறுத்திவிட்டுக் கைப்பிடியைத் தாமே பற்றும் விமானிகள் உளர். பின்னே அமர்ந்திருக்கும் பிரயாணிகளுக்கு அது தெரிவதேயில்லை.