ஊர்ப் பெயரால் பிழைத்த ஆற்று மீன்கள்

நம் ஏரி, குளங்களில் மலிந்து கிடக்கும் ஜிலேபிக் கெண்டையை அறியாத விவசாயி இருக்க முடியாது. 1952ஆம் ஆண்டில் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்ட இம்மீனின் தாயகம் தென்கிழக்கு ஆப்பிரிக்காவின் ஆறுகள் ஆகும். இது 'சிக்ளிட்' என்ற பெரிய மீன் குடும்பத்தைச் சேர்ந்தது. கேரளத்துக் கரிமீனும் இக்குடும்பமே. விரல் நீளமே உள்ள அழகிய சிக்ளிட் மீன்கள் பல ஆப்பிரிக்க ஆறுகளிலும் காட்டு ஓடைகளிலும் வாழ்கின்றன. அவற்றில் சில அண்மைக் காலத்தில்தான் அறிவியலுக்குத் தெரிய வந்தன. இவற்றைக் கண்ணாடித் தொட்டியில் வளர்க்கும் ஆர்வலர்கள் ஒரு நல்ல பழக்கத்தைக் கடைப்பிடிக்கின்றனர். விதை நெல் காக்கும் விவசாயிகளுக்கு அது எளிதில் விளங்கும்.

புதிய இனங்கள் எங்கே உள்ளன?

காங்கோ ஆறு கடலை அடையுமுன் சுமார் 350 கிலோமீட்டர் தூரம் பாறைகளுக்கிடையே பாய்ந்து இறங்குகிறது. சில இடங்களில் ஆழம் 200 மீட்டருக்கும் அதிகம். நீரோட்டத்தின் வேகத்தால், ஒரு கரையில் வாழும் சிறு மீன் எதிர்க்கரைக்குச் செல்வது அரிது. இவ்வாறு பிரிந்த கூட்டங்கள் நெடுங்காலத்தில் தனித்தனி இனங்களாகி விடுகின்றன. கண் பார்வையும் நிறமும் இல்லாத 'லாம்ப்ரோலோகஸ் லெத்தாப்ஸ்' என்ற சிக்ளிட் இங்குதான் கிடைத்தது. 1976இல் அதற்குப் பெயர் சூட்டப்பட்டது. இதே ஆற்றின் மற்றொரு சிக்ளிட் மீனுக்கு 2015இல், அமெரிக்க அதிபராயிருந்த ஒபாமாவின் குடும்பப் பெயரையொட்டி 'டெலியோகிராமா ஒபாமாரம்' என்று பெயரிட்டனர்.

மேற்கு ஆப்பிரிக்காவில் நைஜீரியா, கேமரூன் நாடுகளின் கடலோரக் காடுகளிலும் இதே நிலைதான். ஓர் ஆற்றுப் படுகைக்கும் அடுத்த படுகைக்கும் இடையில் மேட்டு நிலம் இருப்பதால் மீன்கள் கலப்பதில்லை. எனவே ஒவ்வோர் ஓடையிலும் மீனின் நிறமும் வால் புள்ளிகளும் சற்றே மாறுபடுகின்றன.

பெயர்ச்சீட்டின் பயன்

இப்பகுதியில் 'பெல்விகாக்ரோமிஸ்' என்ற வகைச் சிக்ளிட் மீன்கள் உண்டு. பெண் மீனின் வயிறு நாவல் பழம் பூசினாற்போல் சிவந்திருக்கும். பல ஓடைகளில் பிடித்த மீன்களை, 'டீனியேட்டஸ்' என்ற ஒரே இனமாகவே நீண்ட காலம் கருதி வந்தனர். ஆனால் ஜெர்மனி முதலிய நாடுகளின் மீன் வளர்ப்போர் அத்துடன் நிற்கவில்லை. பிடித்த ஊரின் பெயரையோ ஆற்றின் பெயரையோ சேர்த்து 'டீனியேட்டஸ் மோலிவே', 'டீனியேட்டஸ் வூரி' என்று தொட்டியில் எழுதி வைத்தனர். ஓர் ஊர் மீனை மற்றோர் ஊர் மீனுடன் சேர விடவில்லை. குஞ்சுகளைப் பிறருக்குக் கொடுக்கும்போதும் ஊர்ப் பெயரைச் சொல்லியே கொடுத்தனர்.

2014இல் வியன்னாவைச் சேர்ந்த மீனியல் அறிஞர் டாக்டர் ஆன்டன் லம்போயும் அவருடைய குழுவினரும் இம்மீன்களை மறு ஆய்வு செய்தனர். ஒரே இனம் என எண்ணியது உண்மையில் பல இனங்கள் என்று தெரிய வந்தது. நைஜீரியப் பகுதி மீன்களுக்கு மட்டும் டீனியேட்டஸ் என்ற பெயர் நின்றது. மோலிவே உள்ளிட்ட கேமரூன் மீன்களுக்கு, கிரிபி என்ற ஊரையொட்டி 1911இல் வைக்கப்பட்ட 'கிரிபென்சிஸ்' என்ற பழைய பெயர் மீண்டும் கிடைத்தது. வூரி மீன் 'டிராக்கன்ஃபெல்சி' என்ற புதிய இனமாயிற்று.

இங்கு ஒன்றைக் கவனிக்க வேண்டும். ஊர்ப் பெயருடன் காத்தவர்கள் தொட்டியின் சீட்டை மட்டும் மாற்றி எழுதினால் போதுமாயிருந்தது. ஊர்ப் பெயரைத் தொலைத்து, எல்லாவற்றையும் ஒரே தொட்டியில் விட்டவர்களிடம் இருந்ததோ கலப்பு மீன். அது எந்த இனம் என்று யாராலும் சொல்ல இயலாது. இனத்தைக் காப்பதற்கும் அது உதவாது. பத்துத் தலைமுறை வளர்த்த உழைப்பு வீணாகி விடுகிறது.

நெல்லில் இதை நாம் நன்கு அறிவோம். விதை வயலுக்கும் வேறு இரக வயலுக்கும் இடையே 3 மீட்டர் இடைவெளி விடுகிறோம். பூக்கும் முன்னும் பின்னும் கலவன்களைப் பிடுங்குகிறோம். மூட்டைக்கு உள்ளும் புறமும் இரகத்தின் பெயரைச் சீட்டில் எழுதுகிறோம். மீனுக்கும் இதுவே முறை. ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. நெல்லில் கலவனைக் கண்ணால் கண்டு களையலாம். கலப்பு மீன் குஞ்சைப் பார்வையால் பிரிப்பது கடினம்.

வளர்க்கும் முறை

இம்மீன்கள் இணையாக வாழ்பவை. தொட்டியில் கொட்டாங்கச்சியை ஓரத்தில் சிறிது உடைத்துக் கவிழ்த்து வைத்தால் அதையே குகையாகக் கொள்ளும். பெண் மீன் அதன் உட்கூரையில் முட்டைகளை ஒட்டி வைத்துக் காக்கும். ஆண் மீன் வெளியே காவல் புரியும். சுமார் மூன்று நாட்களில் முட்டை பொரிக்கும். மேலும் சில நாட்களில் குஞ்சுகள் நீந்தத் தொடங்கும். பெற்றோர் இரண்டும் அவற்றை மேய்த்துச் செல்வது கோழி குஞ்சுகளை அழைத்துச் செல்வது போலிருக்கும்.

மண்ணைப் போலவே நீருக்கும் கார அமில நிலை உண்டு. காட்டு ஓடை நீர் உப்புக் குறைந்தது, சற்றே அமிலத் தன்மை உள்ளது. இவ்வகை மீன்களில் பிறக்கும் குஞ்சு ஆணா பெண்ணா என்பதைக் கூட இந்நிலை பாதிக்கிறது. நீர் அதிக அமிலமானால் ஆண் குஞ்சுகள் மிகுதியாகின்றன. நடுநிலையை நெருங்கினால் பெண் குஞ்சுகள் மிகுதியாகின்றன. ஆகவே நீரைச் சோதிக்காமல் வளர்ப்பவர், அடுத்த தலைமுறைக்கு இணை கிடைக்காமல் திண்டாட நேரிடும்.

கலப்பினால் வரும் கேடு

கலப்பு தொட்டியோடு நிற்பதில்லை. இதற்குச் சான்று நம் ஜிலேபிக் கெண்டையே. நம் குளங்களில் வேண்டாமலே பெருகும் இம்மீன், தன் தாயகமான ஆப்பிரிக்காவில் அழியும் அபாயமுள்ள மீன்களின் பட்டியலில் சேர்க்கப்பட்டுள்ளது. லிம்போபோ போன்ற ஆறுகளில், வளர்ப்புக்காகக் கொண்டுவரப்பட்ட நைல் திலாப்பியா தப்பிச் சென்று இதனுடன் கலந்து விட்டதே முக்கிய காரணம். நம்மிடம் உள்ளதைத் திருப்பி அனுப்பலாமே என்று கேட்கலாம். ஆசிய நாடுகளின் ஜிலேபிக் கெண்டை, 1930களில் ஜாவாவில் பிடிபட்ட ஒரு சில மீன்களின் வழிவந்தது என்பதே பொதுவான கருத்து. அவை எந்த ஆற்றிலிருந்து வந்தவை என்று எழுதி வைத்தவர் இல்லை. எண்ணிக்கை இருக்கிறது, வம்சக் கணக்கு இல்லை.

ஆர்வலர்கள் இதை உணர்ந்து சங்கங்களாகச் செயல்படுகின்றனர். அமெரிக்கச் சிக்ளிட் சங்கம் 1967இலும், ஜெர்மன் சங்கம் 1970இலும் தொடங்கப்பட்டன. 2004இல் தொடங்கிய 'கேர்ஸ்' என்ற திட்டத்தில், அழியும் நிலையிலுள்ள மீன்களை வீட்டுத் தொட்டிகளில் தூய்மையாகக் காத்துப் பகிர்ந்து கொள்கின்றனர். ஓடைக்கரைக் காடு அழிந்து எண்ணெய்ப் பனைத் தோட்டமாகும் இடங்களில், இத்தொட்டிகளின் மதிப்பு மேலும் கூடும்.

கவனிக்க வேண்டியவை

சென்னை கொளத்தூர்ப் பகுதியைப் போல வண்ண மீன் வளர்ப்பைத் தொழிலாகக் கொண்டவர்களும், கொல்லைப்புறத் தொட்டியில் உபதொழிலாகச் செய்பவர்களும் பின்வருவனவற்றை மறத்தல் ஆகாது.

1. ஒவ்வொரு வகைக்கும் தனித் தொட்டி, தனி வலை வைத்துக் கொள்ள வேண்டும்.

2. வாங்கிய நாள், வாங்கிய இடம், மீனின் முழுப் பெயர் ஆகியவற்றை நோட்டில் குறித்து வைக்க வேண்டும்.

3. விற்கும்போது அக்குறிப்பையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். வம்சம் தெரிந்த மீனைத்தான் விவரமறிந்தவர்கள் தேடி வாங்குவர்.

4. வேண்டாத மீனைக் கிணற்றிலோ, வாய்க்காலிலோ, ஏரியிலோ ஒருபோதும் விடக்கூடாது. தொட்டி நீரையும் தோட்டப் பாத்தியில்தான் வடிக்க வேண்டும்.

விதையைப் போலவே மீனிலும் ஒருமுறை கலந்ததைப் பிரித்தெடுக்க வழியில்லை. ஒரு துண்டுச் சீட்டில் ஊர்ப் பெயரை எழுதி வைக்கச் செலவு ஏதுமில்லை. எழுதாமல் விட்டால் ஓர் இனமே நம் கண்ணெதிரில் காணாமற் போகும்.